வலிக்கிறது என்று யார் சொன்னால் நம்புவீர்கள்?

பேச முடியாத குழந்தைக்கு வலித்தால் அதை யார் சொல்வது? சொன்னால் யார் நம்புவது? இது மருத்துவர்களுக்கான கேள்வி போலத் தோன்றும். யாருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில் இது நமக்கான கேள்வியும்கூட. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மூளை முடக்குவாதம், மருந்துக்கு அடங்காத வலிப்பு, மூளையை மெல்லச் சிதைக்கும் மரபணு நோய்கள். இவற்றோடு வாழும் குழந்தைகள் பலருக்கு வலி அன்றாட விஷயம். தசை இறுகி இறுகி இடுப்பு மூட்டு நழுவும். நின்று நடக்காத எலும்பு பலவீனப்பட்டு, தூக்கும்போதே முறியக்கூடும். மலச்சிக்கல் நாள்கணக்கில் நீளும். வயிற்று அமிலம் மேலேறி நெஞ்சைச் சுடும். சொத்தைப் பல்லை யாரும் வாய் திறந்து பார்ப்பதில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் லின் ப்ரோ குழுவினர், கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் வலியை நான்கு வாரங்கள் பதிவு செய்து 2003இல் வெளியிட்டார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் 78 சதவீதக் குழந்தைகள் ஒரு முறையாவது வலியை அனுபவித்திருந்தார்கள்.

பேசாத குழந்தையின் வலியை எப்படிக் கணக்கெடுத்தார்கள்? வளர்ப்பவர்களைக் கேட்டார்கள். 'உங்கள் பிள்ளைக்கு வலிக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள்?' என்று பெற்றோரிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதிலிருந்து ஒரு பட்டியலை அதே ஆய்வாளர்கள் முன்பே உருவாக்கியிருந்தார்கள். முனகல், புருவச் சுளிப்பு, உடல் விறைப்பு, தொட்டால் விலகுவது, சாப்பாட்டை மறுப்பது, தூக்கம் கெடுவது என்று 30 குறிகள். இரண்டு மணி நேரம் கவனித்து மதிப்பெண் போட வேண்டும். தாய்மார்களின் அறிவுதான் அங்கே அறிவியல் கருவியாக மாறியது.

இங்கே நிலைமை என்ன? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறும் பெண்களில் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நாலு நாள் போகாவிட்டால் வேலையே இருக்காது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் குடும்பங்கள் பல முறை மீட்கப்பட்டிருக்கின்றன. இந்தக் குடும்பங்களிலும் பேச்சில்லாத குழந்தைகள் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. இரவில் காலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, வேர்த்து விறுவிறுத்து அழுவான். "ஃபிட்ஸ் வந்தா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும் தம்பி. இது வலி" என்பார் அவர். ஒரு மருத்துவமனையில் இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "இந்த மாதிரிப் பிள்ளைங்க அழத்தாம்மா செய்யும்." வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பினார்கள். இடுப்பை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்தவர் வலியை நம்பாமலிருப்பதற்கு மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை மேலை நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், பச்சிளங்குழந்தைகளுக்குப் போதுமான வலிநீக்கி தராமலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவர்களின் நரம்புகள் முதிரவில்லை, வலி தெரியாது என்பது நம்பிக்கை. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவை சிகிச்சையை மேலாகத் தாங்கினார்கள், சிக்கல்களும் குறைந்தன. அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் 1840களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்தார். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். நம்மூரில் இதே பொய்க்கு வேறு பெயர்: "உழைக்கிற உடம்பு, தாங்கும்."

அந்தப் பொய்யோடு இங்கே கர்மாவும் சேர்ந்துகொள்கிறது. ஊனமுற்ற குழந்தையைப் பார்த்து "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லாத ஊர் எது? சேரியில் பிறந்ததற்கும் இதே விளக்கத்தைத்தான் சொன்னார்கள். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இந்த முற்பிறவிக் கர்மக் கோட்பாட்டைக் கடுமையாக மறுக்கிறார். ஏழைகள், ஒடுக்கப்பட்டோரின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் நழுவிக்கொள்ள மட்டுமே அது பயன்படும் என்பது அவர் வாதம். ஒரு குழந்தையின் வலி அதன் விதி என்றாகிவிட்டால், வலிநீக்கி தரவேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

தணிக்க முடியாத வலி என்று இதை ஒதுக்கவும் முடியாது. முதல் வேலை காரணத்தைத் தேடுவது: இடுப்பு, பல், வயிறு, எலும்பு, சிறுநீர்ப்பை. மலச்சிக்கலுக்கு மருந்து, சரியான இருக்கை, முறையான பிசியோதெரபி, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை ஆகியவற்றால் மட்டுமே பல குழந்தைகளின் இரவுகள் மாறும். காரணம் பிடிபடாத அழுகைக்கு காபாபென்டின் பயன்படுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலைகள் உள்ள கும்மிடிப்பூண்டியில், குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஈயம் வயிற்று வலி, மலச்சிக்கல், வலிப்பு மூன்றையும் உண்டாக்கும்.

உயிர் குடிக்கும் நோயின் கடைசிக் கட்டத்தில் மார்ஃபின் தேவைப்படலாம். உலகத்துக்கு அபின் ஏற்றுமதி செய்யும் இந்தியாவில், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் நீண்ட போராட்டத்தால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவின் தேவையில் சுமார் 4 சதவீதத்துக்குத்தான் இவ்வகை மருந்து கிடைத்தது.

ஆய்விலும் இந்தக் குழந்தைகளுக்கு இடம் குறைவு. குழந்தைகளின் நாள்பட்ட வலி பற்றி 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலே, மருந்துகளுக்கான ஆதாரம் மிகப் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொள்கிறது. வலியை வாயால் சொல்ல முடியாதவர்கள் ஆய்வுகளிலிருந்து எளிதில் விலக்கப்படுகிறார்கள். யாரை ஆய்வில் சேர்க்கவில்லையோ அவர்களுக்கு மருந்தின் அளவும் தெரியாது, பக்கவிளைவும் தெரியாது.

தமிழ்நாட்டில் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வலிதணிப்புச் சிகிச்சையையும் பிசியோதெரபியையும் கொண்டுவரும் திட்டம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரர் அங்கே போக சென்னையை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு ரயிலும் பஸ்ஸும் மாறுகிற அந்த ஒரு நாளின் கூலியை யார் தருவது?

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. வலிக் குறிப் பட்டியல் வட தமிழ்நாட்டின் பேச்சுத் தமிழில், காலனித் தாய்மார்களையும் இருளர் தாய்மார்களையும் உட்கார வைத்துக் கேட்டுத் தயாரிக்கப்பட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களின் கையில் அது இருக்க வேண்டும். திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கான வலிதணிப்புப் பிரிவும், தடையில்லாத மருந்தும் வேண்டும். ஆய்வில் பங்கேற்கும் பெற்றோருக்கு அன்றைய கூலி தரப்பட வேண்டும். எந்தச் சாதி, எந்தத் தொழில், எவ்வளவு தூரம் என்ற விவரங்களும் அந்த ஆய்வில் பதிவாக வேண்டும்.

மருத்துவம் படிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. நாளை உங்கள் முன் கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண் வந்து "பிள்ளைக்கு வலிக்குது டாக்டர்" என்பார். அவர் எத்தனையோ இரவுகள் விழித்திருந்து கவனித்ததைச் சொல்கிறார். அதை நோயாளியின் வாக்குமூலமாகவே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குழந்தையைத் தொட்டுப் பாருங்கள்.