அண்ணா கொண்டுவந்த புளிச்ச பியர்

போன செப்டெம்பரில் எங்கட சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் பிரான்சில் இருந்து பெரியம்மாட மகன் அண்ணா வந்திருந்தார். சூட்கேசைத் திறந்தால் வழமையான சாமான்கள்தான். சொக்லேட், சென்ட், அம்மாவுக்கு ஒரு கைப்பை. எல்லாத்துக்கும் அடியில் துவாயால் சுற்றின ஒரு பச்சைப் போத்தல். பிரசல்ஸ் வரைக்கும் போய் வாங்கினதாம். கான்டியோன் என்ற சின்னப் பியர் ஆலையின் 'கூஸ்'. உலகத்தில் பியர் பைத்தியம் பிடிச்ச ஆக்கள் தேடித் திரியிற சாமானாம். பூசைக்குச் சாம்பிராணி போடுற மாதிரி ஒரு பக்தியோடு அண்ணா தக்கையைக் கழற்றினார். குசினியில் இருந்து வந்த அம்மா கிளாசை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்துவிட்டுச் சொன்னா: "என்ன மகன், இது பழங்கள்ளு மணக்குது?"

அண்ணாட முகத்தைப் பார்க்க வேணுமே.

நானும் ஒரு வாய் குடிச்சன். இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசிச்சன். எனக்கு 22 வயசு, கலைப்பீடம், பொம்பிளைப் பிள்ளை. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற பழைய தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அதை வாபஸ் வாங்கச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. அதைப் பற்றி அப்போது கருத்துச் சொல்லாத ஆள் இல்லை. எங்களிட்ட மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் என்ர கருத்தை இப்ப சொல்றன்.

பியர் நல்லா இருந்தது. லயன் குடிச்ச ஆக்கள் இதைப் பியர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இனிப்புக் கிடையாது, கசப்பும் பேருக்குத்தான். தேசிக்காயைத் தோலோடு கடிச்ச மாதிரி ஒரு புளிப்பு, பின்னால பழைய மரப்பெட்டி மணம். முதல் வாய்க்கு முகம் சுழியும், ரெண்டாவது வாய்க்குக் கை தானாகப் போகும். அம்மா சொன்னதும் சரி. அது பழங்கள்ளின் தங்கச்சிதான்.

ஏன் அப்படி மணக்குது என்று தேடிப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது. மற்ற ஆலைகள் வளர்த்தெடுத்த ஈஸ்டைக் கணக்காகப் போட்டுப் புளிக்க வைக்கும். கான்டியோன் ஈஸ்ட் போடுவதே இல்லை. முளைவிட்ட பார்லியையும் கோதுமையையும் அவிச்செடுத்த சாற்றை, கூரைக்குக் கீழே ஒரு அகலமான செப்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து விடுவார்கள். காற்றில் இருக்கிற ஈஸ்டும் பக்டீரியாவும் தாங்களாக வந்து விழும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். அதுக்குப் பேர் லம்பிக். இளசையும் முத்தலையும் கலந்து போத்தலில் அடைச்சால் கூஸ். அங்கே சிலந்தி வலையைக் கூடத் தட்டுவதில்லையாம், பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். (எங்கட வீட்டில் வலை கிடந்தால் எனக்குத்தான் பேச்சு.) ராத்திரி குளிராக இருந்தால்தான் இந்த வேலை சரிவரும். அதனால் பனிக்கால மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். 2015 நவம்பரில் குளிர் போதாமல் வேலையை இடையில் நிறுத்தவும் வேண்டி வந்தது.

அதே ஆலை வருசத்துக்கு ஒருக்கா ஒரு பரிசோதனைப் பியரும் விடும். பேர் 'ஸ்வான்ஸ'. பிரசல்ஸ் பேச்சில் பகிடி என்று அர்த்தம். 2008இல் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டுத் தொடங்கினார்கள். கொஞ்சம்தான் செய்வார்கள். உடனே என்ன நடந்திருக்கும்? வாங்கின ஆக்கள் இணையத்தில் பல மடங்கு விலைக்கு வித்தார்கள். ஆலையை நடத்துகிற ஜோன் வான் ரோய்க்கு அது பிடிக்கவில்லை. 2011இல் இருந்து ஸ்வான்ஸவைத் தெரிந்தெடுத்த கடைகளுக்கு மட்டும் கொடுத்து, உலகம் முழுக்க ஒரே நாளில் திறக்கச் சொன்னார். அங்கேயே இருந்து குடிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. எனக்கு இந்த ஆளைப் பிடிச்சதே இந்த இடத்தில்தான்.

மற்றப் பக்கம் ஸ்கொட்லாந்தின் புரூடோக். 2010இல் 55 சதவீத அல்கஹோலோடு ஒரு பியர் விட்டார்கள். மொத்தம் 12 போத்தல்கள். ஒவ்வொரு போத்தலையும் அணில், கீரி மாதிரியான ஒரு செத்த பிராணிக்குள்ளே சொருகி வைத்திருந்தார்கள். விலை 500, 700 பவுண். இதுவும் மட்டுப்படுத்தப்பட்ட வெளியீடுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டை யார் தீர்மானித்தது? பனியா, மரமா, பருவமா? விளம்பரம் செய்கிற ஆள் தீர்மானித்தது. அந்தத் தட்டுப்பாடு கடைக்காரன் உண்டாக்கினது. லம்பிக்கின் தட்டுப்பாடு சாமானுக்குள்ளேயே இருக்கு. சீசன் பியர், ஸ்பெஷல் பியர் என்று எவன் எதை நீட்டினாலும் நான் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்.

இனி அம்மப்பாட கதைக்கு வரவேணும். அம்மா பழங்கள்ளு மணத்தை ஏன் அவ்வளவு கெதியாக அடையாளம் கண்டா என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அவட அப்பா கள்ளுச் சீவினவர். தளைநார், பாளைக்கத்தி, முட்டி. காலையில் ஒருக்கா ஏறுவார், பின்னேரம் ஒருக்கா ஏறுவார். அவரும் ஈஸ்ட் போட்டதில்லை. நேற்றைய முட்டியில் ஒட்டிக் கிடந்தது இன்றைய சாற்றைப் புளிக்க வைத்தது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு. காலையில் இறக்கினது இனிக்கும், பின்னேரம் ஏறும், அடுத்த நாள் ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டார்கள். கூஸ் போத்தலில் காலாவதித் திகதி 20 வருசம் தள்ளிக் கிடந்தது. அம்மப்பாட சரக்குக்கு ஆயுசு ஒரு நாள்.

ரெண்டும் காற்றில் இருந்து வந்த புளிப்புத்தான். ஒன்றுக்கு மியூசியம் இருக்கு. 1978இல் திறந்தது. ஆக்கள் காசு கொடுத்துப் போய்ப் பீப்பாயைப் பார்க்கிறார்கள். கான்டியோன் 1900இல் தொடங்கின குடும்பத் தொழில். மகளைக் கட்டின மருமகன் அதைப் பொறுப்பெடுத்தார், அவருக்குப் பிறகு அவரின் மகன். அம்மப்பாட மருமகனோ, அதாவது என்ர அப்பா, அந்தத் தளைநாரைக் கையால் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் கேட்டால் அம்மா "விவசாயம்" என்று எழுதுவாவாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மரத்தில் ஏறுகிறவனுக்கு ஊர் வைத்த சாதிப் பேர் உங்களுக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் கதை இன்னும் மோசம். 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை. பியரையும் பிரண்டியையும் அரசாங்கமே டாஸ்மாக் கடையில் விற்குது. பனையேறிகள் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் "கள்ளுத்தான் எங்கட கிராஃப்ட் பியர்" என்று பெருமையாக முடிச்சால் நிறைய லைக் விழும். அப்படி எழுதின பெடியன்மாரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தரும் தவறணையில் இருந்து வீட்டுக்கு வந்த ஆளுக்குச் சோறு போட்டவர் இல்லை. அம்மம்மா போட்டிருக்கிறா. அம்மப்பா வித்ததோடு நிற்கவில்லை, குடிச்சார். அம்மா சின்ன வயசில் சில ராத்திரிகளில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறா. அந்த மணத்தை அவ மறக்காததுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் கிளாசை மணந்தாவே தவிர வாயில் வைக்கவில்லை. மணந்ததும் ஒரு சிரிப்பு வந்தது, பிறகு உள்ளே போய்விட்டா. அண்ணா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனிச்சன்.

அதனால் கள்ளைக் கொண்டாடச் சொல்லி நான் கேட்கவில்லை. பிரசல்ஸ்காரருக்குக் கிடைச்சது என்ன என்றுதான் பார்க்கிறன். தொழிலுக்குப் பேர், செய்கிறவனுக்கு மரியாதை, தகப்பன் இதைத்தான் செய்கிறார் என்று படிவத்தில் எழுதக்கூடிய ஒரு சொல். குடிக்கிறதும் குடியாததும் வேற பிரச்சினை. அம்மப்பாவுக்கு மரியாதை இருந்திருந்தால் குடிச்சிருக்க மாட்டாரா? அப்படி நான் நம்பவில்லை. ஆனால் அம்மா பொய் எழுதியிருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் பெக்கல்டியில் என்னோடு படிக்கிற சம்மாந்துறைத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். அவளுக்குக் குடி ஹராம். அதில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் இல்லை. கேட்டுவிட்டு, "அது புளிச்சு வினாகிரி ஆகினா ஹலாலுடி" என்றாள். பிறகு வீட்டுக்குப் போய் உம்மா அச்சாறுக்கு ஊற்றுகிற தென்னை வினாகிரிப் போத்தலைப் படம் எடுத்து அனுப்பினாள். இயற்கையான தென்னை வினாகிரி என்றால் அது புளிச்ச தென்னங்கள்ளுத்தான். அவங்கட பெருநாள் அச்சாறை நான் எத்தனை தரம் வழிச்சுத் துடைச்சுத் தின்றிருக்கிறன்!

அண்ணா போய்விட்டார். கூஸ் அரைவாசி மிஞ்சிக் கிடந்தது. அதை ஊற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டா. வாயில் ஒரு சீலைத் துண்டைக் கட்டிக் குசினி யன்னலில் வச்சிருக்கிறா. வினாகிரி ஆகுதா என்று பார்க்கிறாவாம்.