நரித்தாயின் பிள்ளை பனியில் ஆடிய கதை



ஜப்பான் நாட்டுக் கதை ஒன்று சொல்லட்டுமா? வேடர்களிடம் சிக்க இருந்த வெள்ளை நரி ஒன்றை ஓர் இளைஞன் காப்பாற்றினான். அந்த நரி பெண் உருவில் வந்து அவனை மணந்துகொண்டது. ஆண் குழந்தையும் பிறந்தது. ஒருநாள் அம்மாவின் வால் வெளியே தெரிந்துவிட, பிள்ளை அதைப் பார்த்துவிட்டான். அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் அவள் அழுதுகொண்டே காட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் அபே நோ செய்மெய் என்ற பெரிய மந்திரவாதி ஆனானாம். அவன் காகிதத்தை வீசினால் அது ஏவலாளாக எழுந்து வேலை செய்யுமாம்!

நரித்தாய் கற்பனை. செய்மெய் மட்டும் உண்மையில் வாழ்ந்தவர். கியோட்டோ அரண்மனையில் நாள், நட்சத்திரம் கணித்துச் சொன்னவர். நம் ராஜராஜ சோழன் 985-இல் அரியணை ஏறியபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவரைப் பற்றி 2001-இல் 'ஒன்மியோஜி' என்ற திரைப்படம் வந்தது. ஷிகெரு உமெபயாஷி இசையமைத்தார். புல்லாங்குழலும் முரசும் கேட்கிற இசை.

அந்தப் பட இசைக்குத்தான் 2015-இல் யுசுரு ஹன்யு என்ற இருபது வயது இளைஞர் பனித்தரையில் ஆடினார். இந்த விளையாட்டுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர். நமக்குத் தெரிந்த பனியெல்லாம் குச்சி ஐஸ்தான்! அங்கேயோ பெரிய கூடம் முழுக்கப் பனித்தரை. காலணிக்கு அடியில் கத்தி போன்ற எஃகுத் தகடு. அதில் வழுக்கிக்கொண்டே ஆட வேண்டும். துள்ளி எழுந்து ஒரு விநாடிக்குள் நான்கு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அப்போது நான்கரை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி.

சுற்றுவதில் ஹன்யு ஏற்கெனவே கெட்டிக்காரர். 2014-இலேயே ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அப்படியிருந்தும் அவர் என்ன செய்தார் தெரியுமா? படத்தில் செய்மெய்யாக நடித்த நொமுரா மன்சாய் என்பவரைத் தேடிப் போனார். மன்சாய் சினிமா நடிகர் மட்டுமல்லர். கியோகென் என்னும் அறுநூறு ஆண்டுப் பழைய நாட்டு நாடகத்தைப் பரம்பரையாக ஆடும் குடும்பத்தவர். மூன்று வயதில் குரங்கு வேஷம் கட்டி மேடை ஏறியவர். (அந்தக் கலையில் பிள்ளைகளுக்கு முதல் வேஷம் குரங்குதானாம். நம் வகுப்பில் அதற்குப் பஞ்சமே இருக்காது!) ஆட்டத்தின் தொடக்கத்தில் கைகள் நிற்கும் நிலைக்கு வானம், பூமி, மனிதன் என்று பொருள் உண்டு என அவர் விளக்கினார். காரணம் தெரியாமல் கையைத் தூக்கக் கூடாது என்பது அவர் கொடுத்த பாடம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஹன்யு 322.40 புள்ளிகள் பெற்றார். அதுவரை உலகில் எவரும் 300-ஐத் தொட்டதில்லை. 2017 நவம்பரில் கணுக்காலில் பலத்த அடி. மூன்றே மாதத்தில் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் அதே செய்மெய் ஆட்டத்தை ஆடி மீண்டும் தங்கம் வாங்கினார். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் என்பது 66 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது.

நம் பாட்டும் பனியில் ஒலித்திருக்கிறது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் என்ற அமெரிக்க ஜோடி ஒரு சுற்றில் இந்திப் படப் பாடல்களுக்கு ஆடியது. இந்திய நடன ஆசிரியை ஒருவரிடம் கற்றுக்கொண்டு ஆடினார்கள். வெள்ளிப் பதக்கமும் பெற்றார்கள். அதே சுற்றில் ஒரு ரஷ்ய ஜோடி ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஆட்டம் என்று ஒன்றை ஆட, அது தங்கள் மரபே அல்ல என்று அந்த மக்களின் தலைவர்கள் கண்டித்தார்கள்.

இதையெல்லாம் வாலாஜாபாத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டைப் போட்டு, படத்தில் பார்த்த அசைவை அப்படியே ஆடுவதுதான் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சினிமாப் பாட்டே கூடாது என்று சொல்லமாட்டேன். ஹன்யு ஆடியதும் சினிமா இசைக்குத்தானே! ஆனால் அவர் போய்க் கேட்டதுபோல் கேட்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடுகிறவர்கள் அவர்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் ஒரு குருகுலமே தொடங்கியது. பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அது 2020-இல் மூடப்பட்டது. படித்தவர்களும் ஆடுகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு கூத்துக் கலைஞரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவருக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் அவரிடம் கேளுங்கள்: கட்டியங்காரன் ஏன் முதலில் வருகிறான்? ஒவ்வொரு வேஷத்துக்கும் முகத்தில் ஏன் வேறு வேறு வண்ணம்? அவர் சொன்ன பதிலை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.