அலாரம் ‘ஆஃப்’ ஆனால் ஓடணுமா, நிக்கணுமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு பேத்தி நம் திருவள்ளூர் வீட்டுக்கு வந்திருந்தாள். ப்ளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். (அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) நான்கு ஆங்கில வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதுவது வீட்டுப்பாடம். அலாரம், விளக்கு, குண்டு, பால் என்று பொருள்தான் வேறு. நான்கும் ‘வென்ட் ஆஃப்’ என்றே முடிந்தன.

அவள் நான்குக்கும் ‘எத்தேந்த்ர்’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தாள். அணைதல் என்று அர்த்தமாம். விளக்குக்குச் சரி. ஆனால் அலாரமும் அணைந்துவிட்டது, குண்டும் அணைந்துவிட்டது, பாலும் அணைந்துவிட்டது!

“ஆஃப்னா அணையறதுதானே பாட்டி?” என்றாள். சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிட்டது. இதே கேள்வியை இருபது வருடம் முன்பு வேறொரு பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறான்.

பொன்னேரி பக்கம் நடுநிலைப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது படித்த பையன். பிறகு ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே சுவரில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு: “இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்.” ஒருநாள் தீ ஒத்திகை. அலாரம் அலறுகிறது, எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள், இவன் மட்டும் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறான். சத்தம் ஆஃப் ஆன பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்! சூப்பர்வைசர் திட்டித் தீர்த்துவிட்டாராம். மாலையில் என் வீட்டுக்கு வந்தான். “ஆஃப்னா நிக்கிறதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?” என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றால் நிறுத்து, ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய், ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. இப்படி வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவள் நான்தான். அன்று நடந்தது ஒத்திகை. நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்?

பேத்தியும் நானும் அகராதியை எடுத்து உட்கார்ந்தோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த நான்குக்கும் நான்கு சொற்கள். அலாரத்துக்கு ‘டெக்லான்ஷே’, அதாவது இயங்கத் தொடங்குதல். குண்டுக்கு ‘எக்ஸ்ப்ளோஸே’. விளக்குக்கு மட்டும் ‘எத்தேந்த்ர்’. பாலுக்கு ‘தூர்னே’. அந்தக் கடைசிச் சொல்லுக்கு நேர் அர்த்தம் திரும்புதல், சுற்றுதல். நாமும் பால் ‘திரிந்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம்? ஊர் சுற்றுகிறவனையும் ‘திரிகிறான்’ என்போம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தமிழும் பிரெஞ்சு மாதிரிதான். அலாரம் அடித்தது, விளக்கு அணைந்தது, குண்டு வெடித்தது, பால் திரிந்தது. சொல்லைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எது ‘ஆஃப்’ போனது என்று பார்த்த பிறகுதான் புரியும். ‘ஆஃப்’ என்பதற்கு அடிப்படை அர்த்தம் விலகிப் போவது. சும்மா இருந்த அலாரம் அந்த நிலையிலிருந்து விலகினால் அலறும். எரிந்த விளக்கு விலகினால் அணையும். இதை அன்றே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் நின்றிருக்க மாட்டான்.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. ‘கண்டுபிடி’ என்பதை ஒரு வெள்ளைக்காரரிடம் பார், பிடி என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ‘விட்டுக்கொடு’ என்பதை விடு, கொடு என்று சொன்னால் அவர் எதை விடுவார், எதைக் கொடுப்பார்?

ஆகவே என் கருத்து இரண்டு.

ஒன்று, இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு. இந்தச் சொற்களைப் பட்டியலாகக் கொடுக்காதீர்கள், வாக்கியமாகக் கொடுங்கள். ‘டேக் ஆஃப்’ என்றதும் “எது?” என்று கேட்கப் பழக்குங்கள். செருப்பு என்றால் கழற்றுவது, விமானம் என்றால் கிளம்புவது. அகராதியைத் திறப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வி வரட்டும்.

இரண்டு, கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு. பாதுகாப்பு போர்டை முதலில் தமிழில் எழுதுங்கள்: “அலாரம் அடித்தால் உடனே வெளியேறவும்.” வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ‘கோஸ் ஆஃப்’ வேண்டாம், ‘ரிங்ஸ்’ போதும். “கோஸ் ஆஃப்தானே டீச்சர் நல்ல இங்கிலீஷ்?” என்று கேட்பீர்கள். நல்ல இங்கிலீஷ்தான். கதைப் புத்தகத்திலும் பேச்சிலும் இருக்கட்டும். உயிர் காக்க மாட்டிய போர்டு, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவருக்கும் ஒரே பார்வையில் புரிய வேண்டும்.

தேர்வாய் கண்டிகையில் பிரான்ஸ் நாட்டு மிஷ்லின் டயர் தொழிற்சாலையே வந்துவிட்டது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் படிக்கட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். எந்த மொழிக்குப் போனாலும் அர்த்தத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பையன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். இதைப் படித்தால் சிரிப்பான். கண்ணு, அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்: தப்பு உன்னுடையது இல்லை, டீச்சருடையது.

உங்கள் கம்பெனி போர்டில் இப்படிக் குழப்பும் வரி ஏதாவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். சேர்ந்து தமிழில் மாற்றுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்