நான்கு உள்ளங்கை அகலம்

பி.எஸ்சி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

பந்தயக் கார் என்றதும் நம் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி அதன் குதிரைத்திறன் என்ன என்பது. அடுத்தது எத்தனை வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்பது. டயரின் அளவு என்ன, அதில் எத்தனை பாயிண்ட் காற்று என்று கேட்ட ஒருவரையும் நான் இன்றுவரை சந்திக்கவில்லை. எஞ்சினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் எத்துணை உயர்ந்தவையாயினும், அவை சாலையோடு பேசுவது அந்த ரப்பரின் வாயிலாகத்தான். அதை மறந்துவிட்டு மற்றவற்றை வியப்பது வாணலி ஓட்டையாயிருக்க அடுப்பைப் புகழ்வது போலாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காரின் எடை ஆயிரம் கிலோ. நான்கு சக்கரமும் சமமாகத் தாங்கினால் ஒன்றுக்கு 250 கிலோ. காற்றழுத்தம் 30 பாயிண்ட், அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.1 கிலோ. வகுத்தால் 119 சதுர செ.மீ. வரும். ஏறக்குறைய ஓர் ஆளின் உள்ளங்கை அகலம்! டயரின் பக்கச்சுவரும் எடையைச் சிறிது தாங்குவதால் இது துல்லியமான கணக்கன்று. ஆயினும் உண்மைக்கு வெகுதூரத்தில் இல்லை. அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு மிகவும் கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழுத்தம் மாறாதவரை பரப்பு அதிகம் மாறுவதில்லை. அதன் வடிவந்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அது நன்மை. தேங்கிய மழைநீரிலோ அகன்ற டயர் நீரை விலக்கத் திணறி எளிதில் மிதந்துவிடும்.

டயர் எதைச் செய்யவல்லது என்பதற்கு 2005ஆம் ஆண்டின் அமெரிக்க கிராண்ட் பிரீயைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இண்டியானாபொலிஸ் ஓடுதளத்தின் கடைசி வளைவு சரிந்து உயர்ந்தது. முழு வேகத்தில் கடக்கப்படுவது. அங்கே மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் பயிற்சியின்போதே பழுதாயின. அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தாலொழியப் பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என்று அந்நிறுவனமே கூறிவிட்டது. பந்தய நாளில் அணிவகுத்த 20 கார்களில் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள், ஒரே ஒரு சுற்றுக்குப்பின் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்தவர் நம் கோவையின் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியர். அதிர்ஷ்டம் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். கோடிகளைக் கொட்டிய அணிகள் டயரில் தோற்றதை ஏனோ அவர்கள் பேசவில்லை.

நம் தெருவிற்கு வருவோம். கார் வாங்கிய கையோடு இளைஞர்கள் ஓடுவது அலாய் வீல் கடைக்கு. பெரிய ரிம், மெல்லிய டயர், பார்க்க அழகுதான். 185/65 ஆர்15 என்று பக்கச்சுவரில் எழுதியிருந்தால், அகலம் 185 மி.மீ.; சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மி.மீ.; ரிம் 15 அங்குலம். அதே காருக்கு 205/45 ஆர்17 பூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ அதேதான். சுவர் மட்டும் 92 மி.மீ. ஆகக் குறையும். வழவழப்பான ஓடுதளத்தில் இதனால் ஸ்டியரிங் உடனுக்குடன் கீழ்ப்படியும். குழியுள்ள சாலையிலோ ரிம்மே கல்லில் மோதும், வளையும், வெடிக்கும். ரிம்முக்குச் செலவழித்த பணத்தில் பாதியை நல்ல டயருக்குச் செலவிட்டிருக்கலாம் என்பது என் துணிபு. எழுத்துகளின் கடைசியில் வரும் எச் என்பது மணிக்கு 210 கி.மீ.வரையிலும், டபிள்யூ என்பது 270 வரையிலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் பிறந்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும்.

என் ஊர் மாஞ்சோலை. மணிமுத்தாற்றிலிருந்து மேலேறும் அந்தச் சாலை குறுகியது, வளைவுகள் மலிந்தது. அதற்கும் மேலே உள்ள நாலுமுக்கும் ஊத்தும் மழையளவுப் பட்டியல்களில் அடிக்கடி முன்னிற்பவை. சுற்றுலா வரும் அன்பர்கள் சிலர், “மேலே போனால் டயர் வெடித்துவிடும்” என்று அடிவாரத்தில் காற்றை இறக்குவதைக் கண்டிருக்கிறேன். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.6 பாயிண்ட் குறையும்; அழுத்தமானி அந்த அளவு கூடக் காட்டும். ஆனால் மலையில் எட்டு டிகிரி குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி 1.2 பாயிண்ட் குறைந்துவிடும். மிஞ்சுவது அரைப் பாயிண்ட்கூட இல்லை! வண்டி ஓடி டயர் முப்பது டிகிரி சூடேறினால் நான்கைந்து பாயிண்ட் கூடுவது இயல்பு. டயரைச் செய்தவர்கள் அதை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் காற்றை இறக்கினால், குளிர்ந்தபின் டயர் தொய்ந்து, பக்கச்சுவர் மடிந்து மடிந்து, இன்னும் அதிகம் சூடாகும். எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதுவே நடக்கும்.

நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்பார் உளர். நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. ஈரம் குறைவு என்ற சிறு நன்மைக்கு மேல் அதில் மாயமில்லை.

இக்கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னபோது விடுதி நண்பன் ஒருவன், “ஏலே, நமக்கு சைக்கிள் ட்யூப் மாத்தவே வழியில்ல, காருக்கு என்ன டயருன்னு ஒனக்கு எதுக்கு?” என்றான். கேள்வி நியாயமானதே. என் பெற்றோர் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கார் வாங்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் 2024இல் தோட்டப்பணி நிற்கும்வரை, இரவில் பிரசவவலி கண்ட பெண்ணையும் நெஞ்சுவலி கண்ட முதியவரையும் அந்த மலைச்சாலையில் இறக்கிக்கொண்டு வந்தவை வாடகை ஜீப்புகளும் வேன்களுமே. அவற்றில் மொட்டை டயரையும், காற்றில்லாத ஸ்டெப்னியையும் நான் கண்டதுண்டு. ஓட்டுநர் அண்ணன்மார் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். புது டயரின் விலை அவர்களை அப்படி வைத்திருந்தது. ஆனால் காற்று? பஞ்சர் கடையில் அதற்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்? காருக்குத் தடத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதை அளக்க டயரிலேயே மேடு வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

ஆகவே துறைத்தலைவர் ஐயா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாயில் விதிக்கும் சார்லஸ் விதிக்கும் நாங்கள் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அறிவியல் மன்றத்தின் சார்பில் ஓர் அழுத்தமானி வாங்கித் தாருங்கள். ஒருநாள் காலை, முதல் மணி அடிக்குமுன், பேராசிரியர்களின் கார்களையும் மாணவர்களின் மோட்டார் சைக்கிள்களையும் வரிசையாக அளந்து, வண்டியில் ஒட்டியுள்ள நிறுவன அளவோடு ஒப்பிட்டுச் செய்முறைப் பதிவேட்டில் எழுதுகிறோம். வேப்பமர நிழலில் நிற்கும் வண்டிகளிலிருந்து தொடங்கலாம்; வெயிலில் நிற்பவை பொய் சொல்லும்.