சேனாதிபதியும் வாக்குச்சீட்டும்

சேனையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றோர் பொதுவாழ்விற் புகுவது தகுமா என்னும் வினா பல தேசங்களிலும் எழுந்திருக்கிறது. விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வேளாங்கண்ணிக் கரைக்குத் தெற்கே கடலைக் கடந்தால் யாழ்ப்பாணம். ஆரோக்கிய மாதாவின் உற்சவத்திற்கு அத்தீவிலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர். 2004 டிசம்பர் 26-ல் பொங்கிய கடல் இரு கரையினரையும் ஒருங்கே வாரிச் சென்றது. நாகப்பட்டினத்து மீனவரின் படகுகள் இலங்கைக் கடற்படையிடம் சிக்குவதோ இன்றும் தீராத துயரம். ஆகவே, கொழும்பில் அதிகாரம் யார் கைக்குப் போகிறதென்பது நமக்கு அயலார் விவகாரமன்று.

இலங்கைத் தரைப்படையின் தலைவராக 2005 டிசம்பரில் பதவியேற்றவர் ஸ்ரீ சரத் பொன்சேகா. 2006 ஏப்ரலில் கொழும்புப் படைத்தலைமையகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமுற்றுப் பிழைத்தார். 2009 மே மாதம் யுத்தம் முடிவுற்றபோது வெற்றி வீரராகக் கொண்டாடப்பட்டார். அந்த யுத்தத்தின் இறுதி மாதங்களில் 40,000 தமிழ்ப் பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011-ல் அறிவித்தது. இலங்கை சிங்களருக்கே உரிய நாடு என்னும் கருத்தை 2008-ல் கனடாப் பத்திரிகையொன்றுக்கு அளித்த பேட்டியில் வெளியிட்டவரும் இவரே.

இத்தகையவர் 2009 நவம்பரில் பதவி துறந்து, 2010 ஜனவரி 26-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் ஸ்ரீ மஹிந்த ராஜபக்ஷவை எதிர்த்து நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இவரை ஆதரித்தது. யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் இவருக்கே பெரும்பான்மை வாக்களித்தன. நம் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளரின் சந்ததியார் மிகுந்த நுவரெலியாவும் அவ்வாறே செய்தது. சிங்களப் பகுதிகளோ பெரும்பாலும் கைவிட்டன. நூற்றுக்கு 40 வாக்குகளே பெற்றுத் தோற்றார்.

தமிழர் இவர்பால் கொண்ட பிரீதியால் வாக்களித்தனர் என்று எவரும் மயங்க வேண்டாம். ஆட்சியிலிருந்தவரை அகற்றுவதற்கு வேறு ஆயுதம் அவர்களிடம் இருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூற நாம் ஒருப்படோம். ஆயினும், ஒருவரை வீழ்த்துவதற்காக மற்றொருவருக்கு அளிக்கும் வாக்கு, பெற்றவர்மீது எந்தக் கடமையையும் சுமத்துவதில்லை என்னும் உண்மையை மறைத்தலும் ஆகாது.

பின்னர் நிகழ்ந்தவை மேலும் சிந்திக்கத்தக்கவை. 2010 பிப்ரவரி 8-ல் அவர் கைது செய்யப்பட்டார். சீருடையிலிருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்று ராணுவ நீதிமன்றம் அவர் பட்டங்களைப் பறித்தது. தளவாடக் கொள்முதல் விஷயத்தில் 30 மாதச் சிறை கிடைத்தது. வெள்ளைக்கொடியேந்திச் சரணடைய வந்தோரைப் பற்றிப் பத்திரிகையில் வெளிவந்த பேட்டிக்காக 2011 நவம்பரில் மேலும் மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேசியது விசாரணைக்கு வந்தது. பேசப்பட்ட செயல் விசாரணைக்கு வரவில்லை. இன்னார் குற்றவாளி என்று நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. மாண்டோரின் உறவினர் கேட்ட கேள்விக்கு எந்த நியாயஸ்தலத்திலும் இடமில்லாது போயிற்றே என்பதுதான் நம் முறையீடு.

2012 மே மாதம் விடுதலை பெற்ற அவர், ஆட்சி மாறியபின் 2015 மார்ச்சில் பீல்டு மார்ஷல் ஆனார்; மறு ஆண்டு மந்திரியுமானார். 2024 செப்டம்பரில் மீண்டும் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது நூற்றுக்கு ஒரு வாக்கும் கிட்டவில்லை. யுத்தகளத்தில் ஈட்டிய கீர்த்தி வாக்குச்சாவடியில் நெடுநாள் செல்லுபடியாவதில்லை.

லெப்டினன்ட் கர்னல் பதவியில் ஓய்வு பெற்ற ஸ்ரீ கோத்தபய ராஜபக்ஷவின் கதை வேறொரு பாடம் புகட்டுகிறது. 2019-ல் ஜனாதிபதியான அவர், 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவால் தடுத்தார். நெல் விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் கொதித்தனர், அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. பணநெருக்கடியும் சேர்ந்து முற்றவே, 2022 ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். சிப்பாய் கட்டளைக்கு அடிபணிவான், வயல் பணியாது. காவேரிப் பாசனத்தில் பிழைக்கும் நம் குடியானவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

நம் தேசத்திலும் படைத்தலைவர் பொதுவாழ்வுக்கு வந்ததுண்டு. ஜெனரல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்றபின் ஆஸ்திரேலியாவில் ஹைகமிஷனராகப் பணியாற்றினார். 1971-ல் பம்பாயில் லோக்சபைக்கு நின்று தோற்றார். மேஜர் ஜெனரல் கந்தூரி உத்தராகண்டின் முதன்மந்திரியானார். 2012-ல் ஓய்வு பெற்ற ஜெனரல் வி. கே. சிங் 2014-ல் காஜியாபாத்தில் வென்று மத்திய சர்க்காரில் ராஜாங்க மந்திரியானார். வென்றவரும் தோற்றவரும் ஜனங்களின் தீர்ப்புக்குத் தலைவணங்கினர். ஓய்வு பெற்ற வீரனும் பிரஜையே. அவன் தேர்தலில் நிற்பதைத் தடுப்பது நியாயமன்று.

ஆனால் பிரஜையாக வருபவன் பிரஜைக்குரிய கடமையையும் ஏற்க வேண்டும். சீருடையில் செய்தவற்றுக்கு அவன் பொதுமன்றில் பதில் சொல்லியாக வேண்டும். சீருடையைக் களைந்தவுடன் கணக்கும் தீர்ந்ததென்று கருதுவானாயின், அவன் நாடுவது ஜனநாயகமன்று, வேறொரு பாசறையே.

வேளாங்கண்ணிக்கு அணித்தேயுள்ள வேதாரண்யத்தில் 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் ஆயுதமின்றி உப்பெடுத்தனர். சட்டத்தை மீறியோம் என்று மறைக்காமல் ஒப்பி, சிறையும் புகுந்தனர். செய்த செயலுக்குத் தாமே பொறுப்பேற்கும் அத்துணிவே பொதுவாழ்வுக்கு முதல் தகுதி. வாக்குக் கேட்டு வரும் சேனாதிபதியிடம் தமிழ் மக்கள் முதலிற் கேட்க வேண்டுவது அவர் வென்ற யுத்தங்களின் ஜாபிதாவையன்று. அந்த யுத்தங்களுக்கு அவர் தரும் கணக்கையே.