பிடி இறுகட்டும், காயம் வேண்டாம்

திருவனந்தபுரத்தில் கரமனையிலோ கோட்டைக்குள்ளோ நம்மவர் வீடு எதற்குப் போனாலும், குளியலறைக் குழாயின் கழுத்துப் பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்த குழாயில் நாய் கடித்ததுபோல் பல் பதிந்த தடங்கள் இருக்கும். குழாய் பொருத்த வந்த பிளம்பர் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகியதன் அடையாளம் அது. கேட்டால், "வேலை என்றால் அப்படித்தான் சார், தண்ணீர் ஒழுகவில்லையே!" என்பார். வீட்டுக்காரரும் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தப் பளபளப்பு என்ன என்று தெரிந்தால் இவ்வளவு எளிதாக விட்டுவிட மாட்டோம். உள்ளே இருப்பது பித்தளை. அதன்மேல் நிக்கல் பூச்சு. அதற்கும் மேலே குரோமியப் பூச்சு. இந்தக் குரோமியத்தின் கனம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரெஞ்சின் பல் ஒருமுறை பதிந்தாலே பித்தளை வெளியே வந்துவிடும். உப்புக் காற்று வீசும் நம் கடற்கரை நகரத்தில் பிறகு பச்சைக் களிம்பு பூக்க எத்தனை நாளாகும்?

அழகு கெட்டால் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் கெடுவது அழகு மட்டுமல்ல. மூலை மழுங்கிய நட்டை அடுத்த முறை எந்த ஸ்பானரும் பிடிக்காது. நள்ளிரவில் குழாய் வெடித்து, வால்வைக் கழற்ற வேண்டிய நேரத்தில் அந்த நட்டு வழுக்கும். ஸ்பானர் சட்டென்று நழுவினால் தொழிலாளியின் விரல் மூட்டு சுவரில் மோதிக் கிழியும். இரயில்வேயில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழுங்கிய நட்டு என்பது வெறும் சில்லறைச் சேதம் அல்ல, அது நாளைய விபத்துக்கு இன்று போடும் விதை.

இதற்குப் பிளம்பரைத் திட்டுவது எளிது. என் கருத்தில், குற்றத்தில் பாதிக்கு மேல் அவர் கையிலுள்ள கருவியைச் சேர்ந்தது. அந்தக் கருவியின் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் டேனியல் ஸ்டில்சன் என்பவர் 1869-இல் பைப் ரெஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். இழுக்க இழுக்கத் தாடை இறுகும். கெட்டியான எஃகுப் பற்கள் குழாயைக் கடித்துக்கொள்ளும். உருண்டையான, பிடிமானமே இல்லாத இரும்புக் குழாயைத் திருப்புவதற்கு அதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. கனத்த இரும்பின்மேல் நான்கு பல் தடம் விழுந்தால் என்ன நஷ்டம்?

ஆனால் இன்று நம் வீடுகளில் ஓடுவது இரும்புக் குழாயா? பி.வி.சி. வந்தது, பிறகு சி.பி.வி.சி. வந்தது. முனையில் குரோமியக் குழாய், பிளாஸ்டிக் நட்டு. பொருள் முழுவதும் மாறிவிட்டது. அதைப் பிடிக்கும் கருவி மட்டும் ஸ்டில்சன் காலத்திலேயே நிற்கிறது. பிளாஸ்டிக் குழாயைப் பல்லால் கவ்வினால் அது கீறல் விழுந்து, வட்டம் கெட்டு முட்டை வடிவமாகும். மரையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இன்று ஒழுகாத இணைப்பு அடுத்த கோடையில் ஒழுகும்.

சரி, பல் இல்லாமல் உறுதியாகப் பிடிப்பது எப்படி? இதற்கு உலகம் கண்ட வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, அளவு பொருந்துவது. கேட்க மிகச் சாதாரணமாகத் தோன்றும். நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது. அதன் பிறகும் வெகுகாலம் பட்டறைகளில் பிரிட்டிஷ் விட்வொர்த் போல்ட்டும் மெட்ரிக் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பழைய அளவு அரை அங்குல விட்வொர்த் நட்டில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே ஏறக்குறைய 23.4 மி.மீ. மெட்ரிக்கில் 16 மி.மீ. போல்ட்டின் நட்டுக்கு 24 மி.மீ. ஆகவே 24-ஆம் எண் ஸ்பானர் விட்வொர்த் நட்டில் அழகாக ஏறி உட்காரும். பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியால் ஸ்பானர் ஏறக்குறைய மூன்று பாகை சும்மா திரும்பி, அதன் பிறகே நட்டின் மூலையில் போய் முட்டும். பக்கம் முழுவதும் தாங்க வேண்டிய பாரம் ஒரு கோட்டின்மேல் விழும். மூலை மழுங்காமல் என்ன செய்யும்? ஸ்வீடனில் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை பெற்ற, நாம் 'ஸ்க்ரூ ஸ்பானர்' என்று சொல்லும் கருவி இந்த அளவுச் சிக்கலுக்குத்தான் பிறந்தது. ஆனால் அதன் அசையும் தாடை தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டால், எல்லா அளவுக்கும் பொருந்தும் கருவி எந்த அளவுக்கும் பொருந்தாத கருவியாகிவிடும்.

இரண்டாவது வழி, பாரத்தைப் பரப்புவது. 1960-களில் அமெரிக்காவின் ஸ்நாப்-ஆன் நிறுவனம் ஸ்பானரின் உள்வடிவத்தைச் சற்று மாற்றி, நட்டின் மூலையைத் தொடாமல், மூலைக்குக் கொஞ்சம் தள்ளிப் பக்கத்தை அழுத்தும்படி செய்தது. அதே இரும்பு, அதே கைப்பலம். ஆனால் மூலை தப்பியது. 2005-இல் டான் பிரவுன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'பயானிக் ரெஞ்ச்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கேமராவின் ஷட்டர் இதழ்கள் குவிவது போல, கைப்பிடியை அழுத்தினால் ஆறு தாடைகள் ஒரே சமயத்தில் நடுவை நோக்கிக் குவிந்து, நட்டின் ஆறு பக்கங்களையும் பிடிக்கின்றன. இரண்டு இடத்தில் விழுந்த பாரம் ஆறு இடத்துக்குப் பங்கு போகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அது மூடிய வளையம். நட்டின் தலைவழியாகத்தான் அதை மாட்ட முடியும். நடுவில் குழாய் ஓடுகிற நட்டில் அதை எப்படி மாட்டுவது? ஆகவே நம் குளியலறைச் சிக்கல் அதனால் தீரவில்லை.

மூன்றாவது வழி, சுற்றிப் பிடிப்பது. இது நமக்குப் புதிதல்ல. விழிஞ்ஞத்தில் படகைக் கட்டும் மீனவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரு கையால் சும்மா பிடித்திருப்பார். அலை இழுக்கும் இழுப்பைத் தூணே தாங்கும். கணக்கும் அதையே சொல்கிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் பிடிப்பு ஏறக்குறைய ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றில் நாற்பது மடங்கைத் தாண்டும். தூணில் ஒரு கீறலும் விழாது. இந்தத் தத்துவத்தில் செய்ததே பட்டை ரெஞ்ச்: தாடைக்குப் பதில் ஒரு கித்தான் அல்லது ரப்பர் பட்டை. இழுக்க இழுக்க இறுகும், ஆனால் கடிக்காது.

கேரளத்திலேயே இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த, அப்பச்சன் என்று அறியப்பட்ட எம்.ஜே. ஜோசப் தென்னை ஏறும் கருவி ஒன்றை உருவாக்கினார். மரத்தைச் சுற்றி இரண்டு கம்பிவட வளையங்கள், காலுக்கு ஒன்றாக. மிதித்தால் உடல் பாரமே வளையத்தை இறுக்கும். காலைத் தூக்கினால் வளையம் தளரும், மேலே நகர்த்தலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரத் தோழர்கள்' பயிற்சியைத் தொடங்கி, ஏறும் கருவிகளைக் கொண்டு இளைஞர்களையும் பெண்களையும் மரமேறப் பழக்கியது. மரத்தில் வெட்டுப் படி செதுக்க வேண்டியதில்லை. ஸ்டில்சனின் ரெஞ்சும் பாரம் கூடக்கூட இறுகுவதுதான், இதுவும் அப்படித்தான். அது கடித்துப் பிடிக்கிறது, இது அணைத்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காவது வழி, தொடும் பொருளை மென்மையாக்குவது. இதற்கு நம் நகரமே பாடம் நடத்தியிருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வை உருவாக்கினார்கள். மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவதில் உலோகச் சட்டத்துக்குள் பாலிஎத்திலீன் தட்டை வைத்தார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கடினமான ஒன்றுக்குப் பக்கத்தில் மென்மையான ஒன்றை வைத்தால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். இதய வால்வுக்குப் பொருந்தும் அறிவு குழாய் நட்டுக்குப் பொருந்தாதா? எஃகுத் தாடைக்குள் மாற்றக்கூடிய ஒரு நைலான் துண்டை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு: கைப்பிடியின் நீளம். தண்டவாள இணைப்பில் பிஷ் பிளேட் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால், வெயிலில் தண்டவாளம் நீள இடமில்லாமல் போகும். அதனால்தான் அன்று கேங்மேன் என்று அழைத்தவர்களுக்குக் கொடுத்த ஸ்பானருக்கு நீளம் வரையறுத்திருந்தார்கள். அந்த நீளமே காவல். நம் ஊரில் என்ன நடக்கிறது? கால் மீட்டர் கைப்பிடியில் முக்கால் மீட்டர் குழாயைச் சொருகி ஒரு மீட்டராக்குகிறார்கள். அதே ஆள், அதே பலம். ஆனால் முறுக்கு நான்கு மடங்கு. பிறகு நட்டு உடைந்தால், "சரக்கு மோசம்" என்று கடைக்காரர்மேல் பழி.

"துருப்பிடித்து இறுகிப்போன நட்டை உங்கள் பட்டையும் நைலானும் அசைக்குமா?" என்று அனுபவமுள்ள தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. எப்போதும் அசைக்கும் என்று நான் சொல்லவில்லை. பழைய இரும்புக் குழாய்க்கு ஸ்டில்சனின் ரெஞ்சே ராஜா. அதை யாரும் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் துருப்பிடித்த நட்டுக்குக்கூட முதல் மருந்து பலம் அல்ல, பொறுமை. துருவிலக்கும் எண்ணெய் விட்டு, சற்றுக் காத்திருந்து, இலேசாகத் தட்டி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். எடுத்த எடுப்பிலேயே பல்லைக் காட்டும் கருவியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நம் வீடுகளுக்கு ஏற்ற ரெஞ்ச் எப்படி இருக்க வேண்டும்? பக்கவாட்டில் திறந்து, குழாய் ஓடும் நட்டையும் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட இடங்களில் பாரத்தைத் தாங்க வேண்டும். தொடும் இடத்தில் பல் இல்லாத, மாற்றக்கூடிய மென்துண்டு வேண்டும். கைப்பிடி கால் மீட்டருக்கு மேல் வேண்டாம். குழாய் சொருக முடியாத வடிவமாகவும் இருக்கட்டும். வீட்டுப் பெண்களின் கைக்கும் அடங்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஒரு சாதாரணத் தொழிலாளி யோசிக்காமல் வாங்கும் விலையில் கிடைக்க வேண்டும்.

இதில் ஆகாத காரியம் எது? தும்பாவிலிருந்து 1963-இல் ராக்கெட் கிளம்பியது. 1939-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. சாக்கையில் ஐ.டி.ஐ. இருக்கிறது. ஜலந்தரில் மத்திய கைக்கருவி நிறுவனம் இருக்கிறது. சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளுக்குக் கைகொடுக்க குஜராத்தில் தேசிய புத்தாக்க அறக்கட்டளை 2000 முதல் இயங்கி வருகிறது. இல்லாதது ஒன்றுதான்: கைக்கருவியும் ஒரு படித்தவன் மூளையைச் செலுத்தத் தக்க பொருள் என்ற எண்ணம். நம் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ரோபோவையும் டிரோனையும் தேடுகிறார்கள். தேடட்டும்; வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவராவது ஒரு பிளம்பரோடு இரண்டு நாள் கூடவே போய், அவர் கை எங்கே வழுக்குகிறது, எங்கே இடம் போதவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தால், நூறு வீட்டுக்கு உதவும் ஒரு பொருள் பிறக்கும். திட்டப்பணிக்கு மதிப்பெண் போடும் ஆசிரியப் பெருமக்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. கடையில் கிடைக்கும் பட்டை ரெஞ்ச் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அது இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து வையுங்கள். பிளம்பர் வந்தால், "அண்ணே, இதைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுகும்வரை திருகி, அதன்மேல் ஓரிரு சுற்றுக்கு மேல் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். தன் வேலையை ஒருவர் கவனித்துப் பார்க்கிறார் என்று மகிழவே செய்வார்.