பழைய காருக்கு டிஸ்க் பிரேக்: விலைப் பட்டியலில் தெரியாத செலவுகள்

சுங்கை பட்டாணி - கிராணியாக இருந்த தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர், அப்பா வேலைக்கு ஓட்டிப்போன டட்சன் என்று பழைய கார்களை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் கெடா தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் இன்னும் உண்டு. 20 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தைக் கைவிட்டு உள்நாட்டுக் கார் வாங்குவோருக்கு உதவ 2026 வரவு செலவுத் திட்டம் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அப்படியும் விற்க மாட்டோம் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா?

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். சாதாரண மினி காருக்கு முன்சக்கர டிஸ்க் 1984இல்தான் வந்தது. 1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகாவுக்கோ தொடக்கத்திலேயே முன்பக்கம் டிஸ்க் இருந்தது.

குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கும்போது இந்த வேறுபாடு காலுக்குத் தெரியும். திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம்முக்குள் வெப்பம் அடைபடும், டிரம் விரியும், மிதி கீழே போகும், பிடிப்பு குறையும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் வேகமாக ஆறும், மழைநீரையும் உடனே உதறிவிடும்.

பாகங்களைத் தேட மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து முழுத் தொகுப்பாக வரவழைப்பது. 2024 ஜனவரி 1 முதல், இணையம் வழி வெளிநாட்டில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 480 ரிங்கிட் பொருள் என்றால் வரி 48 ரிங்கிட். 500ஐத் தாண்டினால் சுங்கத்துறை வழியாக வரும் வரிகளைக் கணக்கிட வேண்டும். வரியைவிடப் பெரிய அடி அனுப்பும் கட்டணம்தான். டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு, எடை அதிகம். எனவே பொருளின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப் கட் கார்களின் பாகங்கள். கெடாவில் இருப்பவர்களுக்குச் செபராங் பிறை கடைகள் பக்கம். நேரில் தொட்டுப் பார்க்கலாம், பேரம் பேசலாம். ஆனால் கேலிப்பரின் ரப்பர் சீல்களும் பேட்களும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். டிஸ்கின் தடிப்பை அளந்து, அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுடன் ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, அதே குடும்பத்துக் காரின் பாகங்கள். மோரிஸ் மெரினாவின் முன்பக்க அமைப்பு மைனரை ஒட்டி உருவானது. அதனால்தான் மைனர் உரிமையாளர்கள் நெடுங்காலமாக மெரினாவின் டிஸ்க்கைத் தேடுகிறார்கள். பொருத்துவது எளிது, கிடைப்பதுதான் அரிது.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். டிரம்மின் பட்டைகளில் ஒன்று சுழற்சியோடு சேர்ந்து தானாக இறுகும். டிஸ்குக்கு அந்த உதவி இல்லை, கூடுதல் அழுத்தம் வேண்டும். ஆகவே பொருத்தமான மாஸ்டர் சிலிண்டர், சில கார்களுக்குப் பூஸ்டர், பின்சக்கரம் முன்னதாகவே பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தப் பங்கீட்டு வால்வு ஆகியவை தேவைப்படலாம். டிரம்முக்கான பழைய சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கக்கூடும். அதைக் கழற்றாவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். பழைய 13 அங்குல ரிம்முக்குள் கேலிப்பர் அடங்காவிட்டால் ரிம், டயர் செலவும் சேரும். குழாய், எண்ணெய், பட்டறைக் கூலி தனி. தொகுப்பின் விலை பாதிக் கணக்குதான்.

சட்டமும் உண்டு. வாகனத்தின் அமைப்பில் செய்யும் மாற்றங்கள் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், 1959 வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளுக்கும் உட்பட்டவை. பாகம் வாங்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

எல்லாருக்கும் இந்த மாற்றம் தேவையா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் உறவினர் திருமணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கார் என்றால், டிரம்மைச் சரியாகக் கடைந்து, புதுப் பட்டையும் புது வீல் சிலிண்டரும் போட்டு, பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலே போதுமானது. செலவும் குறைவு. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கும் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் டிஸ்க் செலவு நியாயமானது.

இருவருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றே. கையில் காசு இருக்கும்போது ஒரு பாகம், அடுத்த போனசுக்கு இன்னொரு பாகம் என்று வாங்கலாம். ஆனால் பாதி மாற்றிய பிரேக்கோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலையில் இறங்கக் கூடாது.